போர்ச்சுகல் பயணத்தின் கடைசி நாளில் ஓபிடோஸ் போகலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் குடும்பத்தோடு போர்ச்சுகல் வருகிறீர்கள். லிஸ்பனில் இறங்கி லிஸ்பனிலிருந்தே திரும்புகிறீர்கள். நடுவில் போர்ட்டோ, கோயிம்ப்ரா. கடைசி நாள் பிற்பகலில் விமானம். "ஓபிடோஸ் என்று மதில் சூழ்ந்த இடைக்கால ஊர் ஒன்று இருக்கிறதாம். அன்று காலை அங்கே எட்டிப் பார்த்துவிட்டு நேரே ஏர்போர்ட் போகலாமா, இல்லை அதை விட்டுவிட்டு லிஸ்பனிலேயே இன்னொரு நாள் இருந்துவிடலாமா? கூட 70 வயது அம்மாவும் 9 வயது மகளும் வருகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே வேண்டாம் என்பேன். கடைசி இரவை ஓபிடோஸின் மதிலுக்கு உள்ளேயே தங்கிக் கழியுங்கள். முந்தின நாள் மாலை நான்கு மணி வாக்கில் போய்ச் சேருங்கள், மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். லிஸ்பனில் வசிப்பதால், ஊரிலிருந்து வருகிற உறவினர்களையும் நண்பர்களையும் அங்கே அழைத்துப் போவது எனக்கு வழக்கம். பகலில் போய்வந்தவர்கள் "அழகாத்தான் இருக்கு, ஆனா ஒரே கடை" என்பார்கள். இரவு தங்கியவர்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

காரணம் எளிது. லிஸ்பனிலிருந்து ஓபிடோஸ் சுமார் 80 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். அதனால் ஃபாத்திமா, பட்டாலா, நசரே, ஓபிடோஸ் என்று ஒரே நாளில் சுற்றிக்காட்டும் டூர் பஸ்கள் எல்லாமே அங்கே வந்து நிற்கும். ஊருக்குள் முக்கியத் தெரு ஒன்றுதான், ருவா டிரெய்டா. வாசலிலிருந்து கோட்டை வரை போகிற அந்தத் தெருவில் நாலு பேர் சேர்ந்து நடந்தாலே எதிரே வருகிறவர் ஒதுங்க வேண்டும். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை அங்கே உங்கள் கண்ணில் படுவது முதுகுகளும் செல்ஃபி குச்சிகளும்தான். ஐந்து, ஐந்தரைக்குப் பஸ்கள் கிளம்பிவிடும். அதன் பிறகு அதே தெருவில் வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருப்பது கேட்கும். அம்மாவுக்கு இடைஞ்சல் இல்லாமல் நடக்க முடியும், மகளைக் கையைப் பிடிக்காமல் விட முடியும்.

பயணத்தின் கடைசியில் வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வாரம் தேவாலயம், அரண்மனை, மியூசியம் என்று பார்த்து வந்தவர்களுக்குக் கடைசி நாளில் எதையும் வரிசையில் நின்று பார்க்கத் தெம்பு இருக்காது. ஓபிடோஸில் கட்டாயம் டிக்கெட் எடுத்துப் பார்த்தாக வேண்டியது என்று ஒன்றும் இல்லை. மதில், தெரு, நாலைந்து தேவாலயங்கள், சில புத்தகக் கடைகள், அவ்வளவுதான் ஊர்.

அதற்காக உங்கள் திட்டத்தின் வரிசையைக் கொஞ்சம் மாற்றுங்கள். லிஸ்பனை முதலில் பார்த்து முடித்துவிடுங்கள், அங்கே கார் தொல்லைதான். அப்புறம் ரயிலில் போர்ட்டோ, மூன்று மணி நேரம் ஆகும். போர்ட்டோவிலிருந்து கிளம்பும் நாளில் வாடகைக் கார் எடுத்துத் தெற்கே வாருங்கள். கோயிம்ப்ரா, பட்டாலா, அல்கோபாசா, நசரே எல்லாம் வழியிலேயே வரும். கடைசி நிறுத்தம் ஓபிடோஸ். மறுநாள் காரை லிஸ்பன் விமான நிலையத்திலேயே ஒப்படைத்துவிடலாம். ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுவதற்குக் கூடுதல் கட்டணம் போடுவார்கள், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையம் நகரின் வடக்கு ஓரத்தில் இருப்பதால், வடக்கிலிருந்து ஏ8 நெடுஞ்சாலையில் வரும் உங்களுக்கு நகருக்குள் நுழைய வேண்டிய வேலையே இல்லை.

கார் வேண்டாம் என்றால் பஸ் இருக்கிறது. லிஸ்பன் மெட்ரோவின் பச்சை, மஞ்சள் வழித்தடங்கள் சந்திக்கும் காம்ப்பு கிராண்டி நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து 'ரப்பிடா வெர்டி' என்ற விரைவுப் பேருந்து ஒரு மணி நேரத்தில் ஊர் வாசலுக்கு அருகிலேயே இறக்கிவிடும். ரயிலும் உண்டு. ஆனால் ஓயெஷ்டி பாதை ரயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், நிலையமோ மலையடிவாரத்தில். அம்மாவோடும் பெட்டிகளோடும் அது சரிப்படாது.

இனி ஊரைப் பற்றி.

நுழைவாசலின் பெயர் போர்ட்டா ட வில்லா. நேராக உள்ளே போக முடியாது. ஒரு வளைவுக்குள் நுழைந்து, திரும்பி, இன்னொரு வளைவு வழியாகத்தான் ஊருக்குள் வர முடியும். எதிரிகள் கூட்டமாகப் பாய்ந்து வந்தாலும் அந்தத் திருப்பத்தில் வேகம் குறைந்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். இரண்டு வளைவுகளுக்கும் நடுவே தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஒரு சின்ன மாடம் இருக்கும், ஊரின் காவல் தெய்வமான மாதாவுக்கு உரியது. சுற்றிலும் நீலமும் வெள்ளையுமான 18ஆம் நூற்றாண்டுப் பீங்கான் ஓடுகளில் இயேசுவின் பாடுகள் வரையப்பட்டிருக்கும். பகல் கூட்டத்தில் அங்கே நின்று பார்க்க முடியாது, பின்னால் வருகிறவர் தள்ளிக்கொண்டே இருப்பார். காலை எட்டு மணிக்கு நின்றால் ஓட்டின் விரிசலைக்கூடப் பார்க்கலாம். அந்த நேரத்தில் யாராவது ஒரு இசைக்கலைஞர் அங்கே வாசிக்க உட்கார்ந்தால் நல்லது, அந்தக் கூரையின் கீழ் ஒலி நன்றாக நிற்கும்.

ஊரின் வரலாறு நீளமானது. 1147இல் லிஸ்பனைப் பிடித்த அஃபோன்சு என்ரிக்கிஷ், போர்ச்சுகலின் முதல் அரசர், அடுத்த வருடமே ஓபிடோஸையும் மூர்களிடமிருந்து, அதாவது அப்போது இங்கே ஆண்ட முஸ்லிம்களிடமிருந்து, கைப்பற்றினார். இன்று நீங்கள் பார்க்கும் மதிலின் பழைய அடித்தளம் மூர்கள் போட்டது. பிறகு வந்த அரசர்கள் அதை உயர்த்தியும் திருத்தியும் கட்டினார்கள். டினிஷ் அரசர் 13ஆம் நூற்றாண்டில் தன் மணப்பெண் இசபெலுக்கு இந்த ஊரைச் சீதனமாகக் கொடுத்தார். அதிலிருந்து ராணிகளுக்குக் கொடுக்கும் ஊர் என்ற வழக்கம் நிலைத்து 19ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. ஊரின் வருமானம் ராணிக்குப் போகும், ராணி ஊரைக் கவனிப்பார். வெளியே, வாசலுக்குத் தெற்கே நீளும் சுமார் 3 கிலோமீட்டர் நீரோடைப் பாலத்தை, அதாவது ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்ப் பாலத்தை, கட்டச் செய்தவரும் ஒரு ராணிதான், 16ஆம் நூற்றாண்டில் கத்தரீனா.

ஒரு காலத்தில் கடலின் உப்பங்கழி கிட்டத்தட்ட ஊரின் காலடி வரை வந்துகொண்டிருந்தது. வண்டல் சேர்ந்து சேர்ந்து அது பின்வாங்கிவிட்டது. இன்று கடல் 10 கிலோமீட்டர் அளவில் தள்ளி இருக்கிறது. துறைமுகமாக வளர வாய்ப்பில்லாமல் போனதால், இடித்துப் பெரிதாகக் கட்ட யாருக்கும் தேவை ஏற்படவில்லை. ஊர் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பார்ப்பதெல்லாம் இடைக்காலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1755 நிலநடுக்கம் இந்த ஊரையும் குலுக்கியது. தேவாலயங்கள் பல அதற்குப் பிறகு கட்டியவை. கோட்டையும் மதிலும் 20ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் பெரிய அளவில் புதுப்பித்தவை. கோட்டையின் ஒரு பகுதி 1950களின் தொடக்கத்திலிருந்து பௌசாடா என்ற வகை ஹோட்டலாக இயங்குகிறது, பழைய நினைவுச்சின்னம் ஒன்றில் போர்ச்சுகல் அரசு திறந்த முதல் பௌசாடா அது. இதெல்லாம் ஊரின் மதிப்பைக் குறைப்பதாக நான் நினைக்கவில்லை. பழுதுபார்த்துக்கொண்டே வந்ததால்தான் மதில் நிற்கிறது.

மதில் நடைக்கு வருகிறேன், அதைத்தான் நீங்கள் கவனமாகத் திட்டமிட வேண்டும். மதில் ஊரைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். சில இடங்களில் 13 மீட்டர் உயரம். மேலே ஏறி நடக்கலாம், கட்டணம் கிடையாது. வெளிப்பக்கம் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. உள்பக்கம் ஒன்றுமே கிடையாது. கம்பி இல்லை, கயிறு இல்லை. நடைபாதை சில இடங்களில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், நூற்றாண்டுகளாக மிதிபட்டு வழவழப்பாகிவிட்ட கற்களும் உண்டு. எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், மற்றவர் ஓரமாகக் கடக்க வேண்டும். எப்போதும் சுவர்ப் பக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கப்படாமல் "நாங்கள் நிற்கிறோம், நீங்கள் போங்கள்" என்று சைகை காட்டிவிடுங்கள்.

அம்மாவை மேலே ஏற்ற வேண்டாம். முழங்கால் நன்றாக இருந்தாலும் வேண்டாம். படிகள் உயரமானவை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மகளை அழைத்துப் போகலாம், ஆனால் ஒரு பெரியவர் ஒரு குழந்தை என்ற கணக்கில், அவள் சுவர்ப் பக்கம் நடக்க, நீங்கள் உள்பக்கம் நடக்க. மழை பெய்திருந்தால் யாருமே ஏறக் கூடாது. அக்டோபரில் இங்கே மழை தொடங்கிவிடும், அதையும் மனதில் வையுங்கள். முழுச் சுற்றும் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. கோட்டைப் பக்கம் ஏறிச் சிறிது தூரம் நடந்து அதே வழியில் இறங்கினாலே போதும், நல்ல காட்சிகளெல்லாம் அங்கேயே கிடைக்கும்.

என்ன தெரியும்? உள்ளே பார்த்தால் வெள்ளைச் சுவர்கள், அடிப்பகுதியில் மஞ்சளோ நீலமோ பட்டை தீட்டியிருப்பார்கள். நாட்டு ஓட்டுக் கூரைகள். தெருவிலிருந்து தெரியாத கொல்லைப்புறங்கள் மதில் மேலிருந்துதான் தெரியும்: எலுமிச்சை மரம், கொடியில் காயும் துணி, கோழிக்கூடு, சாத்திவைத்த ஏணி. இது குடியிருக்கும் ஊர் என்பது அப்போதுதான் உறைக்கும். வெளியே பார்த்தால் திராட்சைத் தோட்டங்கள், பேரிக்காய்த் தோட்டங்கள். ரோஷா என்ற போர்ச்சுகல் பேரிக்காய் இந்த வட்டாரத்து விளைச்சல்தான். அக்டோபரில் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும், வாங்கிச் சாப்பிடுங்கள்.

நீங்களும் மகளும் மதிலில் இருக்கும்போது அம்மாவைச் சாந்தா மரியா சதுக்கத்தில் உட்கார வையுங்கள். ருவா டிரெய்டாவிலிருந்து சில படி இறங்கினால் சதுக்கம். அங்குள்ள சாந்தா மரியா தேவாலயத்துக்குள் சுவரெல்லாம் நீல ஓடுகள், மேலே ஓவியம் தீட்டிய மரக் கூரை. 1441இல் பத்து வயதுகூட நிறையாத ஐந்தாம் அஃபோன்சுவுக்கும் அவருடைய சித்தப்பா மகள் இசபெலுக்கும் இங்கேதான் கல்யாணம் நடந்தது. உள்ளே வலப்பக்கம் ஒரு பீடத்தில் புனித கத்தரீனாவைப் பற்றிய ஓவியங்கள் இருக்கின்றன, அவற்றைத் தவறவிடாதீர்கள். 1661இல் வரைந்தவர் ஜோசெஃபா ட ஓபிடோஸ்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1630இல் ஸ்பெயினின் செவில்லில் பிறந்தார், அப்பா ஓபிடோஸ்காரர், அவரும் ஓவியர். சிறு வயதிலேயே குடும்பம் இங்கே வந்துவிட்டது. ஜோசெஃபா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் இருக்கும்போதே சட்டப்படி தன் விவகாரங்களைத் தானே நடத்தும் உரிமை பெற்றிருந்தார். தேவாலயங்களும் மடங்களும் அவரிடம் படம் வரையச் சொல்லிப் பணம் கொடுத்தன. 17ஆம் நூற்றாண்டில் ஒரு பெண், தலைநகருக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு, கையொப்பமிட்டு வரைந்து சம்பாதித்து வாழ்ந்தது பெரிய விஷயம். பழம், பூ, தட்டில் அடுக்கிய இனிப்புகள் என்று அவர் வரைந்த படங்கள்தான் இன்று அதிகம் பேசப்படுகின்றன. மகளுக்கு ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் ஊர் அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள், அவர் வரைந்த உருவப்படம் ஒன்று அங்கே இருக்கிறது. 1684இல் இறந்தபோது இதே ஊரில் சான் பெட்ரு தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

சதுக்கத்துக்கு மேலே, தெரு ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கும். குற்றவாளிகளைக் கட்டிவைத்து ஊரறியத் தண்டிப்பதற்கானது. நிறைய பேர் அதைப் பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள். அதில் ஒரு பக்கம் அரச முத்திரை, இன்னொரு பக்கம் ஒரு மீன்வலை செதுக்கியிருக்கும். அது லியோனோர் ராணியின் சின்னம். அவருடைய ஒரே மகன், பட்டத்து இளவரசர் அஃபோன்சு, 1491இல் தேஜோ ஆற்றங்கரையில் குதிரையிலிருந்து விழுந்து உயிரிழந்தார். அடிபட்டவரை மீனவர்கள் வலையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன் பிறகு ராணி அந்த வலையையே தன் சின்னமாக வைத்துக்கொண்டார். கல்லில் வலைக்கண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கல்டாஸ் ட ரைன்யாவில் வெந்நீர் ஊற்று மருத்துவமனையை 1485இல் தொடங்கியவரும் இதே லியோனோர்தான்.

மாலையில் தவறாமல் போக வேண்டிய இடம், கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சாந்தியாகு தேவாலயம். நிலநடுக்கத்தில் இடிந்து மறுபடி கட்டியது. வழிபாடு நின்றுபோய்ப் பல காலம் கிடந்தது, இப்போது புத்தகக் கடை. பீடம் அப்படியே இருக்க, சுற்றி மர அலமாரிகளும் படிகளும் வைத்திருக்கிறார்கள். தெருவில் இன்னொரு கடையில் பழப்பெட்டிகளையே அடுக்கி அலமாரியாக்கிப் பழைய புத்தகங்களும் காய்கறியும் சேர்த்து விற்கிறார்கள். கடைத்தெருவாக மட்டும் மாறிவிடாமல் ஊரைப் புத்தகத்தின் பக்கம் திருப்ப நடந்த இந்த முயற்சியால் 2015இல் யுனெஸ்கோ இதை இலக்கிய நகரமாக அறிவித்தது. ஃபோலியோ என்ற இலக்கிய விழா பெரும்பாலும் அக்டோபரில் நடக்கும். உங்கள் தேதியோடு மோதினால் அறை கிடைப்பது கஷ்டம், ஆனால் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் இடைக்காலச் சந்தை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா என்று வேறு கூட்டங்களும் உண்டு, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொரு தகவல், எந்தப் பலகையையும் நம்பி இருக்காமல் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். 1973 டிசம்பர் 1ஆம் தேதி, ஆப்பிரிக்கக் காலனிப் போர்களில் வெறுத்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள் ரகசியமாகக் கூடிப் பேசியது இந்த ஊரில்தான். அடுத்த ஐந்து மாதத்துக்குள், 1974 ஏப்ரல் 25 அன்று, அரை நூற்றாண்டுச் சர்வாதிகாரம் கவிழ்ந்தது.

சாப்பாடு: உப்பங்கழியில் பிடிக்கும் விலாங்கு மீனைக் குழம்பாக வைப்பார்கள், மீன் சாப்பிடுகிறவர்கள் கேட்டுப் பாருங்கள். அம்மா சைவம் என்றால் 'கால்டு வெர்டி' என்ற கீரை சூப்பில் சோரிசு என்ற இறைச்சித் துண்டைப் போட்டுத்தான் கொண்டுவருவார்கள், ஆர்டர் செய்யும்போதே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஊரின் பேர்போன பானம் ஜின்ஜா, புளிப்புச் செர்ரியை ஊறவைத்த மது. சின்னச் சாக்லேட் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள், குடித்துவிட்டுக் கிண்ணத்தையும் சாப்பிட்டுவிடலாம். இனிப்பாக இருப்பதால் லேசாகத் தோன்றும், ஆனால் ஆல்கஹால் 20 சதவீதம் வரை இருக்கும். கார் ஓட்டுகிறவர் இரவு அறைக்குத் திரும்பும்போது குடிக்கலாம், காலையில் வேண்டவே வேண்டாம். மகளுக்கு வெறும் கிண்ணத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொடுங்கள்.

தங்குவது: பௌசாடாவில் அறைகள் குறைவு, விலை அதிகம். மதிலுக்குள் சின்ன விருந்தினர் விடுதிகள் நிறைய இருக்கின்றன, அவையே போதும். முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: அறை எந்த மாடியில், வாசலிலிருந்து எவ்வளவு தூரம். லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. காரை மதிலுக்கு வெளியே உள்ள நிறுத்துமிடத்தில்தான் விட வேண்டியிருக்கும். தெருவெல்லாம் கல் பாவியது, சக்கரப் பெட்டியை இழுத்தால் சக்கரம் போய்விடும். ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் முதுகுப்பையில் எடுத்துக்கொண்டு, பெரிய பெட்டிகளை டிக்கியில் வெளியே தெரியாதபடி பூட்டிவிடுங்கள். பாஸ்போர்ட்டும் பணமும் கையோடு. அம்மாவுக்கு அடிப்பாகம் வழுக்காத செருப்போ ஷூவோ கட்டாயம்.

மறுநாள் காலை விமானத்துக்கு நாலரை மணி நேரம் முன்பாவது ஓபிடோஸை விட்டுக் கிளம்புங்கள். வார நாள் காலை என்றால் லிஸ்பனை நெருங்கும் இடத்தில் ஏ8இல் நெரிசல் இருக்கும், பெட்ரோல் நிரப்பிக் காரை ஒப்படைக்கவும் நேரம் ஆகும். சுங்கக் கட்டணத்துக்கு வாடகைக் காரில் மின்னணுக் கருவி இருக்கிறதா என்று போர்ட்டோவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் வழியில் நேரம் இருந்தால், மதிலுக்கு வெளியே வயலோரம் தனியாக நிற்கும் செனோர் ட பெட்ரா தேவாலயத்தைக் காரிலிருந்தே பார்த்துவிடலாம், 1740களில் கட்டிய ஆறு பக்க வடிவக் கட்டடம். விமானம் மட்டும் காலை பத்து மணிக்கு முன்னால் மாறிவிட்டால் இந்தத் திட்டம் வேண்டாம். அப்போது ஓபிடோஸை ஒரு நாள் முன்னால் தள்ளி, கடைசி இரவை ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.